இ-பாஸ் இருந்தால் காட்டுக்குள் நடக்கலாமா? கொடைக்கானல் வருகிறவர்கள் கவனத்துக்கு

"இ-பாஸ் காட்டிவிட்டுத்தானே மலையேறினோம், இங்கே ஏன் மறிக்கிறீர்கள்?" கொடைக்கானல் காட்டுப் பாதைகளில் வனத்துறை ஊழியரிடம் சுற்றுலா வந்தவர்கள் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. அந்த பாஸ் வண்டிக்கு மட்டும்தான், காட்டுக்கு இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர, இணையத்தில் பதிந்து எடுக்கும் இ-பாஸ் வந்தது. பின்னணி அவ்வளவுதான். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. பாஸ் இலவசம், அதனால் எடுத்துத் தருகிறேன் என்று யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வாடகை வேனில் வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பாஸ் ஒரு வண்டி எண்ணுக்கு எடுத்திருப்பீர்கள். புறப்படும் அன்று காலையில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்புவார். வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு, சிக்னல் இல்லாத மொபைலில் ஓடிபி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டி மாறினால் அடிவாரத்திலேயே புது பாஸ் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, எண்ணிக்கை வரம்பு. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வைத்தார்கள். அறைக்குப் பணம் கட்டியாயிற்று என்பதற்காக பாஸ் கிடைத்துவிடாது. சீசனில் முன்பணம் திரும்பத் தருவார்களா என்று கேட்காமல் அறை போடாதீர்கள்.

சரி, மேலே வந்துவிட்டீர்கள். காட்டுக்குள் நடக்க வேறு அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை அரசே திறந்தது. வட்டக்கானல்–வெள்ளகவி அதில் ஒன்று. இணையத்தில்தான் பதிவு, வழிகாட்டி கூடவே வருவார். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 10 வயதுக்கும் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எளிதான பாதை மட்டும்தான், அதுவும் பெரியவர் துணையோடு. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் "நான் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் போக நினைக்கும் பாதை பட்டியலில் இல்லையா? அலைச்சல் அங்கேதான் ஆரம்பம். வனச்சரக அலுவலகத்தில் கேட்டால் கோட்ட அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே "எல்லாம் ஆன்லைன்தான்" என்பார்கள். ஆன்லைனில் அந்தப் பாதையே இருக்காது. 'முடியாது' என்ற ஒரு வார்த்தையை வாசலிலேயே சொல்லித் தொலைத்தால் பாதி விடுமுறை மிஞ்சும். பட்டியலில் இல்லை என்றால் கிடைக்காது என்றே எடுத்துக்கொண்டு வேறு பாதை பாருங்கள்.

தங்கும் விடுதியில் "ஆபீஸில் பேசி வச்சிருக்கேன் சார்" என்கிற வழிகாட்டியிடம், பாதையின் பெயர் போட்ட ரசீதைக் கேளுங்கள். பெயர்தான் முக்கியம். குரங்கணியில் இறந்தவர்கள் டாப் ஸ்டேஷன் என்ற இடத்துக்கான பாதைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, அனுமதியில்லாத கொழுக்குமலைப் பாதையில் போனார்கள் என்றுதான் வனத்துறை அப்போது சொன்னது. ஒரு பாதையின் ரசீது இன்னொரு பாதைக்குச் செல்லாது. சுற்றியிருக்கும் காட்டின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வழிகாட்டி நழுவிவிடுவார், வழக்கு, காட்டுக்குள் நடந்துபோன உங்கள் பெயரில் விழும்.

பேரிஜம் ஏரிக்கும் வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்திருப்பதால் முதல் வேலையாக அதை வாங்குங்கள். யானை நடமாட்டம் என்றால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். அதைத் திட்டாதீர்கள், இவர்கள் போடும் தடைகளில் காரணம் புரிகிற ஒன்று அது.

அப்புறம் தண்ணீர். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, வண்டியில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் கேட்பார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.