ஐந்து நட்சத்திரம் எதை அளக்கிறது?

இணையத்தில் மிக்ஸி தேடும்போது இரண்டு கண்ணில் படுகின்றன. ஒன்றை மதிப்பிட்டவர்கள் ஐந்து பேர். ஐவருமே நன்று என்கிறார்கள். மற்றொன்றை 500 பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள். 450 பேருக்குத் திருப்தி. நூற்றுக்கு நூறா, நூற்றுக்குத் தொண்ணூறா?

பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டில் தந்த ஒரு விதி இங்கே கைகொடுக்கும். கிடைத்த மதிப்பீடுகளோடு நல்லது ஒன்றையும் மோசமானது ஒன்றையும் நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் மிக்ஸிக்கு ஏழில் ஆறு, அதாவது சுமார் 86 விழுக்காடு. இரண்டாவதற்கு 502இல் 451, ஏறக்குறைய 90. வரிசை தலைகீழாகிவிடுகிறது. காரணம் எளியது. வாங்குவோரில் பத்துக்கு இருவரை ஏமாற்றும் மிக்ஸிகூட, முதல் ஐந்து பேரிடமும் தற்செயலாக நல்ல பெயர் வாங்கிவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எண்ணிக்கை கூடக்கூடத்தான் இந்தத் தற்செயல் கரையும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: மதிப்பிட்டவர்கள், வாங்கிய எல்லோரையும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை தருவது. ஹு, பாவ்லூ, ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் இதை அழகாகக் காட்டினார்கள். விற்பனைத் தளத்தில் மதிப்பீடுகள் இரு முனைகளிலும் குவிகின்றன: ஐந்து நட்சத்திரம் ஏராளம், ஒரு நட்சத்திரம் கொஞ்சம், நடுவில் பள்ளம். விருப்பமுள்ளவர் மட்டும் எழுதட்டும் என்று விடாமல், மாணவர்கள் எல்லோரிடமும் ஓர் இசைவட்டுக்கு மதிப்பெண் கேட்டபோது அந்தப் பள்ளம் மறைந்து, மதிப்பெண்கள் நடுவில் குவிந்தன. மகிழ்ந்தவரும் கொதித்தவரும் எழுதுகிறார்கள். 'பரவாயில்லை' என்று நினைத்தவர் எழுதாமலே போய்விடுகிறார். ஆகவே சராசரி என்று திரையில் தெரியும் எண், யாருடைய கருத்தாகவும் இல்லாமல் போகலாம்.

முன்னால் பேசியவரின் குரலும் பின்னால் வருபவரை இழுக்கிறது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சோதனையில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே தொடக்கத்தில் ஓர் ஆதரவு வாக்கு போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். அந்த ஒற்றை வாக்கால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. போலி மதிப்பீடுகளை விலைக்கு விற்பவர்கள் நம்பியிருப்பதும் இந்த இழுப்பைத்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய மதிப்பீடுகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் வழிகளை அது சொல்கிறது. ஆனாலும் விருப்பமுள்ள நிறுவனங்களே பின்பற்றும் தரநிலையாகவே அது வந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் வேறு வகை. எரிசக்திச் செயல்திறன் வாரியத்தின் அந்த முத்திரை, வகுத்த முறைப்படி நடக்கும் சோதனையின் முடிவு. ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கும். முத்திரை எந்த ஆண்டுகளுக்கு உரியது என்பதையும் பாருங்கள். 2022 ஜூலையில் ஏசிகளுக்கான அளவுகோல் இறுக்கப்பட்டபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நான்குக்கு இறங்கின. எந்திரம் மாறவில்லை, கோடு உயர்ந்தது. ஆனால் இந்த முத்திரை மின்செலவை மட்டுமே சொல்லும். கதவின் ரப்பர் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அதில் தேடக்கூடாது.

நீடித்த உழைப்பைப் பற்றி முதல் வாரத்தில் எழுதியவருக்கும் தெரியாது. அதனால் நான் இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்பீடுகளைத்தான் முதலில் படிக்கிறேன். அதிலும் பல மாதம் அரைத்துப் பார்த்துவிட்டு, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தது, ஜாரின் அடியில் நீர் கசிந்தது என்று குறிப்பாக எழுதியவரை நம்புகிறேன்.

தெருமுனையில் மிக்ஸி பழுது பார்ப்பவரிடமும் கேட்கலாம். ஆனால் அவர் கைக்கு வருபவை பழுதானவை மட்டுமே. ஊரில் அதிகம் விற்கும் மிக்ஸிதான் அவர் கடையிலும் அதிகம் கிடக்கும். அதனாலேயே அது மட்டமானதாகிவிடாது. எது நல்லது என்பதைவிட, எதற்கு உதிரிபாகம் உடனே கிடைக்கிறது என்று கேளுங்கள். அதற்கு அவரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.