ஸ்கேன் செய்து கொடுப்பது திருட்டு இல்லை

இதே கதையோடு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இந்த வருஷம் வந்த மூன்றாவது மாணவர் இவர். பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் தருமபுரி வந்து படிக்கிறார், பார்வை கிடையாது. முன்பு படித்த இடத்து நூலகத்தில், "படிச்சுக் காட்ட ஆளைக் கூட்டிட்டு வாப்பா" என்று அனுப்பியிருக்கிறார்கள். நூலை ஸ்கேன் செய்து தரும்படி கேட்டதற்கு, "காப்பிரைட் பிரச்சினை வரும்" என்றார்களாம்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சக நூலகர்களே, சட்டத்தை எடுத்துப் படியுங்கள். காப்பிரைட் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளி படிக்கும் வடிவில் நூலைப் பிரதி எடுக்க இடம் தருகிறது. பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமும் நூலகமும் இதில் சேரும் என்று விளக்கமே இருக்கிறது. லாபம் பார்க்கக் கூடாது, அந்தப் பிரதி மாற்றுத்திறனாளிகளைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது. பார்வையற்றோருக்கு நூல் கிடைக்கச் செய்யும் மாரகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி அளித்த நாடு நம்முடையது. நாம் இன்னும் கவுண்டரில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்கேன் செய்ததோடு வேலை முடியாது. போட்டோவாக இருக்கும் பிடிஎஃப்பை ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வாசிக்காது, எழுத்தாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது பழைய தமிழ் அச்சில் துணைக்காலும் 'ர'வும் குழம்பி, 'காலம்' 'கரலம்' ஆகிவிடும். மாணவர் இயர்போனைக் கழற்றி, "மேடம், கரலம்னா என்ன?" என்று கேட்ட அன்றிலிருந்து, மூல நூலைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகத் திருத்துகிறேன்.

பார்வை மட்டும் தடை இல்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. வகுப்பு முடிந்துதான் இரவல் என்றால் அவர்களுக்கு நூலகமே இல்லை என்று அர்த்தம். நாங்கள் மதிய இடைவேளைக்கு மாற்றினோம்.

அட்மிஷன் முடிந்ததும் யாருக்கு எந்த வடிவம் வேண்டும் என்று நீங்களே போய்க் கேளுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், தமிழும் வாசிக்கும். ஒரு கம்ப்யூட்டரிலாவது போடுங்கள். ஸ்கேனரைத் தொடுமுன் பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் தேடுங்கள், வேறு யாராவது ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம். நூலகம் மாடியில் இருந்தால் புத்தகம் கீழே இறங்கி வரட்டும். கூட வந்த நண்பரிடம் இல்லை, அந்த மாணவரிடமே பேசுங்கள்.

பென்னாகரம் மாணவருக்கு அடுத்த மாதம் செமஸ்டர். பொருளாதார நூலில் நான்கு யூனிட் முடித்துவிட்டேன். ஐந்தாவது முழுக்க அட்டவணை, ஸ்கிரீன் ரீடர் கட்டம் மாறி மாறி வாசிக்கிறது. ஒவ்வொன்றையும் வாக்கியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைச் செய்து பழகியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வழி சொல்லுங்கள்.