200 பவுண்டு குளிர்காலக் கொடுப்பனவு: யாருக்கு வரும், யாரிடமிருந்து திரும்பப் போகும்

பிரிட்டனில் பென்ஷன் வயதில் அம்மாவோ அப்பாவோ அம்மம்மாவோ இருக்கும் வீடுகளுக்கு அக்டோபர், நவம்பர் வாக்கில் ஒரு கடிதம் வரும். குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு, நம் பேச்சில் 'வின்டர் ஃபியூவல்', இந்த வருடம் உங்களுக்கு இவ்வளவு, இந்த வங்கிக் கணக்கில் போடுவோம் என்று சொல்லும் கடிதம். 2024இல் அது ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வரவில்லை. 2025இல் பழையபடி வந்தது, ஆனால் சிலருக்குக் கொடுத்த கையாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு. நடுவில் நடந்த கூத்தில் பலருக்கும் குழப்பம், 'நிறுத்திவிட்டார்கள்' என்றே இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் தொகை. பென்ஷன் வயதை எட்டியவர் இருக்கும் வீட்டுக்கு 200 பவுண்டு, அவருக்கு 80 வயது ஆகிவிட்டால் 300. ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தகுதி இருந்தால் பங்கு பிரியும்: இருவரும் 80க்குக் கீழே என்றால் ஆளுக்கு 100, ஒருவருக்கு 82 மற்றவருக்கு 76 என்றால் முன்னவருக்கு 200, பின்னவருக்கு 100. இது கேஸ் பில்லில் கழிக்கப்படுவதில்லை, ரொக்கமாகக் கணக்கில் வந்து விழுகிறது, அதைக் கொண்டு பேரனுக்குச் சைக்கிள் வாங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், நிதி ஆய்வுக்குப் பேர்போன ஐஎஃப்எஸ் நிறுவனம் ஆராய்ந்து பார்த்தபோது இந்தப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி நிஜமாகவே ஹீட்டிங்குக்குத்தான் போயிருந்தது. வேறு பெயரில் வந்திருந்தால் ஒரு சில சதவீதம்தான் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது 'எரிபொருள்' என்று பெயர் வைத்துக் கொடுத்ததாலேயே வயதானவர்கள் பயப்படாமல் ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள்.

1997இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தவுடன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் தொடங்கி வைத்த திட்டம் இது. முதல் வருடம் பெரும்பாலான வீடுகளுக்கு வெறும் 20 பவுண்டு. 2000இல் 200 ஆனது, இடையில் சில வருடங்கள் தற்காலிகமாகக் கூட்டினார்கள் என்பதைத் தவிர, அடிப்படைத் தொகை இன்றும் அதே 200தான். விலைவாசி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. பணக்காரரோ ஏழையோ, வயது வந்தால் பணம் வரும் என்பதுதான் அதன் குணம், அதனாலேயே திட்டுவாங்கியதும் உண்டு. ஸ்பெயினில் குடியேறி வெயில் காய்பவர்களுக்கெல்லாம் குளிர்காசா என்று கேட்டுக் கேட்டு, 2015இல் சூடான நாடுகளை வெட்டினார்கள். அதில் பிரான்சும் போனது. கரீபியன் கடலில் இருக்கும் தன் வெப்பமண்டலத் தீவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது பிரான்ஸ் சூடான நாடாகிவிட்டதாம்!

சரி, 2024க்கு வருவோம். ஜூலை 4 தேர்தலில் லேபர் வென்றது. ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எழுந்து, முந்தைய ஆட்சி 2,200 கோடிப் பவுண்டு துண்டு விழ விட்டுப் போயிருக்கிறது, அதனால் இனிமேல் பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகளை வாங்குபவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்றார். வாங்குபவர் எண்ணிக்கை 1 கோடியே 14 லட்சத்திலிருந்து 15 லட்சமாகச் சரியும், வருடத்துக்குச் சுமார் 140 கோடிப் பவுண்டு மிச்சம் என்பது கணக்கு. தேர்தல் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2017இல் அப்போதைய பிரதமர் தெரசா மே இதே மாதிரி வருமான வரம்பு கொண்டுவரப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 4,000 பேர் உயிருக்கு ஆபத்து என்று முழங்கியதும் இதே லேபர்தான்.

அரசு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரச பென்ஷன் 'ட்ரிபிள் லாக்' முறையில் ஏறுகிறது, அதாவது விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவு ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடுகிறது. கடனில்லாத பெரிய வீடும் தனியார் பென்ஷனும் வைத்திருப்பவருக்கு 200 பவுண்டு எதற்கு, குழந்தைகளை வைத்துக்கொண்டு வாடகைக்கு அல்லாடும் இளம் குடும்பத்தின் வரிப்பணம் அங்கே போகலாமா என்ற கேள்வியை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

தப்பு கோடு கிழித்த இடத்தில். அப்போது தனியாக வாழும் ஒருவரின் வருமானத்தைப் பென்ஷன் கிரெடிட் வாரம் 218.15 பவுண்டு வரை நிரப்பிக் கொடுத்தது. முழுப் புதிய அரச பென்ஷனோ வாரம் 221.20. வேறு ஒரு காசு வருமானம் இல்லாமல் அதை மட்டும் வைத்து வாழும் ஒரு பாட்டி, மூன்று பவுண்டு ஐந்து பென்ஸ் கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுவாகக் கோட்டுக்கு வெளியே நின்றார். வருடத்துக்கு 11,500 பவுண்டுதான் மொத்த வருமானம், இவரை வசதியானவர் என்று யார் சொல்வார்கள்? அப்புறம், கோட்டுக்கு உள்ளே இருந்தும் வாங்காதவர்கள். பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் குடும்பங்கள் என்று அரசே சொன்னது. 200க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவம், அதைப் பார்த்ததுமே மூடி வைத்தவர்கள் எத்தனையோ. அத்தனை பேரும் விண்ணப்பித்திருந்தால் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போயிருக்கும் என்று விமர்சகர்கள் கணக்குக் காட்டினார்கள். மக்கள் உரிமையைக் கேட்காமல் இருந்தால்தான் லாபம் என்றால் அது என்ன சிக்கனம்?

செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தில் 348க்கு 228 என்று அரசு ஜெயித்தது. லேபரிலிருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஜான் டிரிக்கெட் ஒருவர்தான், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டே பதிவு செய்யவில்லை. அந்த மாதக் கடைசியில் கட்சி மாநாடே முடிவை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது, அரசு கண்டுகொள்ளவில்லை. நவம்பரில் அரசின் சொந்த மதிப்பீடு வெளிவந்தது: இந்த வெட்டால் 50,000 முதியவர்கள் புதிதாக வறுமைக் கோட்டுக்குக் கீழே போவார்கள், சில வருடங்களில் அது ஒரு லட்சம் வரை ஆகும். இதெல்லாம் அசைக்காததை 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தல் அசைத்தது. லேபர் வீடு வீடாகப் போன இடமெல்லாம் இதே பேச்சு. மே 21 அன்று பிரதமர் ஸ்டார்மர் பின்வாங்குவதாகச் சொன்னார், ஜூன் 9 அன்று புதிய விதி வந்தது. எல்லாம் முடிந்த பின் இப்போது மிச்சமாவது சுமார் 45 கோடிப் பவுண்டுதான் என்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இனி 2025-26 குளிர்காலத்தின் விதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்த எல்லோருக்கும் பணம் வரும். ஆனால் ஒருவருடைய வரிக்குரிய வருமானம் வருடம் 35,000 பவுண்டைத் தாண்டினால் வருமான வரித்துறை முழுத் தொகையையும் திரும்ப வசூலிக்கும். தனியாகக் காசோலை எழுத வேண்டாம்: வரிக் குறியீட்டை (டாக்ஸ் கோட்) மாற்றி 2026-27இல் மாதாமாதம் பிடிப்பார்கள், 200 பவுண்டு என்றால் மாதம் 17 போல. சுயமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு அதிலேயே சேர்ந்துவிடும். வருமானத்தில் அரச பென்ஷன், தனியார் பென்ஷன், வீட்டு வாடகை எல்லாம் சேரும், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற வரியில்லா உதவிகளும் ஐஎஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்பின் வட்டியும் சேராது. கொஞ்சம் தாண்டினால் கொஞ்சம் பிடிப்பது என்பதெல்லாம் கிடையாது, 35,001 என்றாலும் முழுசும் போகும்.

இன்னொன்று, பார்ப்பது ஆளின் வருமானம், வீட்டின் வருமானம் அல்ல. கணவனுக்கு 34,000, மனைவிக்கு 34,000 என்றால் வீட்டுக்கு 68,000 வந்தும் இருவரும் பணத்தை வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் கணவனுக்கு 36,000, மனைவிக்கு 9,000 என்றால் கணவனின் 100 போய்விடும், மனைவியின் 100 தங்கும். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், ஆனாலும் 11,500இல் கிழித்த கோட்டைவிட 35,000இல் கிழித்த கோடு எவ்வளவோ மேல். வட அயர்லாந்திலும் இதே வரம்புதான். ஸ்காட்லாந்தில் அவர்களே தனியாகக் கொடுக்கிறார்கள், 2025இல் 203.40 அல்லது 305.10 பவுண்டு, திரும்ப எடுக்கும் வரம்பு அதே 35,000.

நம்மவர்கள் வீடுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரச பென்ஷனோ வேறு உதவியோ வாங்குபவர்களுக்குத்தான் இந்தப் பணம் தானாக வரும். வயதான காலத்தில் இங்கே வந்து, 10 வருடம்கூட நேஷனல் இன்சூரன்ஸ் கட்டாமல், அதனால் அரச பென்ஷனே இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், 2025-26க்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31. பிள்ளை பொறுப்பேற்று, அரசு உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசாவில் வந்திருப்பவர்கள் மட்டும் கை வைக்க வேண்டாம், அது விசாவுக்கே வினையாகலாம், முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அதேபோல் பென்ஷன் கிரெடிட்டையும் விட்டுவிடாதீர்கள். 2025-26இல் தனியாள் வருமானத்தை வாரம் 227.10 வரையும், தம்பதியின் வருமானத்தை 346.60 வரையும் அது நிரப்புகிறது, சொந்த வீடு இருந்தாலும் கேட்கலாம். அது கிடைத்தால் 75 வயது தாண்டியவருக்கு டிவி லைசன்ஸ் இலவசம், ஏழு நாள் தொடர்ந்து உறைநிலைக் குளிர் அடித்தால் தனியாக 25 பவுண்டு. படிவத்தை நிரப்ப வேண்டாம், போன் செய்தால் அவர்களே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். 'உங்கள் வின்டர் ஃபியூவல் காத்திருக்கிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்' என்று அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்தால் அது மோசடி, அரசு அப்படிக் கேட்டு அனுப்புவதே இல்லை. அழித்துவிடச் சொல்லுங்கள்.