ஹிமெராவின் முதல் குடிகள்: பல்லில் எழுதிய முகவரி

சிசிலித் தீவின் வடகரையில் இருந்த கிரேக்க நகரம் ஹிமெரா. அதைத் தொடங்கியவர்கள் யார் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். ஸாங்க்லே நகரிலிருந்து (இன்றைய மெசினா) யூக்ளிடீஸ், ஸைமஸ், ஸேக்கன் என்ற மூவர் தலைமையில் வந்தார்கள். பெரும்பாலோர் கால்கிஸ் என்ற கிரேக்க நகரத்தின் வழியினர். சிசிலியின் இன்னொரு கிரேக்க நகரமான சிரக்கூஸில் உள்நாட்டுச் சண்டையில் தோற்றுத் துரத்தப்பட்ட ஒரு கூட்டமும் கூடச் சேர்ந்துகொண்டது. அதனால் ஊரின் பேச்சு இரண்டு வட்டார வழக்கும் கலந்ததாக ஆனது. சட்டமும் சடங்கும் மட்டும் கால்கிஸ் முறைப்படியே நின்றன.

நகரம் பிறந்தது கி.மு. 648 வாக்கில். துசிடிடீஸ் எழுதியது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதாவது, ஹிமெராக்காரர்கள் தங்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்ட கதைதான் அவர் காதுக்கு வந்திருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். பெயர் சொல்லப்பட்ட மூவரும் ஆண்கள். பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இது ஹிமெராவுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. தேரா தீவிலிருந்து (இன்றைய சாண்டோரினி) கி.மு. 631 வாக்கில் லிபியக் கரைக்குப் போய் சைரீன் நகரத்தைத் தொடங்கியவர்களின் கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் விரிவாகச் சொல்கிறார். வீடுதோறும் அண்ணன் தம்பிகளில் ஒருவனைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஐம்பது துடுப்புகள் கொண்ட கப்பல்கள் இரண்டில் ஏற்றி அனுப்பினார்கள். போக மறுப்பவனுக்கு மரண தண்டனை என்கிறது சைரீனில் கிடைத்த கல்வெட்டு. கொஞ்ச நாளில் மனம் மாறித் திரும்பி வந்தவர்களைக் கரையேற விடாமல் சொந்த ஊர்க்காரர்களே அடித்து விரட்டினார்களாம். சரி, இரண்டு கப்பலில் எத்தனை பேர் போயிருக்க முடியும்? இருநூறைத் தாண்டுவதே கஷ்டம், அதுவும் துடுப்பு போடும் இளைஞர்கள். அதே ஹெரடோட்டஸ் வேறோர் இடத்தில், லிபியர்கள் பசு மாமிசம் உண்பதில்லை, சைரீன் நகரத்துப் பெண்களும் அதைத் தவறாகக் கருதுகிறார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். பெண்கள் மட்டும் ஏன் அப்படி என்று அவர் கேட்கவில்லை, நாம் கேட்கலாம். முதல் தலைமுறைப் பெண்களில் பலர் லிபியப் பெண்களாக இருந்திருந்தால் விடை எளிது.

ஏட்டை விட்டு மண்ணைத் தோண்டினால் தெளிவு கிடைக்குமா? நேப்பிள்ஸ் வளைகுடாவில் இஸ்கியா தீவில் இருக்கிறது பித்தெகூஸை. மேற்கே கிரேக்கர்கள் குடியேறிய மிகப் பழைய இடம் இதுதான், கி.மு. 8ஆம் நூற்றாண்டு. 1952 முதல் அங்கே அகழாய்வு செய்த ஜார்ஜியோ புக்னர், கல்லறைகளில் கிடைத்த உடை ஊக்குகளைக் கவனித்தார். மேலாடையைத் தோளில் பிடித்து நிறுத்தும் இந்த வெண்கல ஊக்குகள் பெரும்பாலும் இத்தாலிய வடிவில் இருந்தன. ஆகவே வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள் என்று முடிவு கட்டினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊக்கு சந்தையில் விற்கிற பொருள். கிரேக்கப் பெண்ணும் வாங்கியிருக்கலாம். பொருள் பயணம் செய்ததைக் காட்டும், ஆள் பயணம் செய்ததைக் காட்டாது.

ஆளின் பயணத்தைக் காட்டுவது பல்.

ருபீடியம் என்ற தனிமத்தின் ஒரு வகை, மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறுகிறது. பாதி அளவு மாறவே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். அதனால் ருபீடியம் நிறைந்த பழைய கருங்கல் பாறையில் ஸ்ட்ரான்ஷியம்-87 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நேற்று உருகி வந்த எரிமலைப் பாறையில் குறைவாக இருக்கும். இதை அதே தனிமத்தின் இன்னொரு வகையான ஸ்ட்ரான்ஷியம்-86ஓடு ஒப்பிட்டு ஒரு விகிதமாகச் சொல்வார்கள். கடல்நீரில் அது 0.7092. இளம் எரிமலை மண்ணில் 0.704 போன்ற எண்கள் வரும், பழைய கருங்கல் நிலத்தில் 0.710ஐத் தாண்டும். வித்தியாசம் மூன்றாவது, நான்காவது தசம இடத்தில்தான். ஆனாலும் அணுக்களை எடை வாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானி அதைத் துல்லியமாகப் பிடித்துவிடும்.

பாறை மண்ணாகிறது, மண்ணிலிருந்து தண்ணீருக்கும் பயிருக்கும் போகிறது, அங்கிருந்து வயிற்றுக்கு. தனிம அட்டவணையில் ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பதால், உடல் இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. கால்சியம் போகவேண்டிய இடத்தில் கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமும் போய் உட்கார்ந்துகொள்ளும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் எனாமல், அதாவது வெளிப்புறக் கெட்டி உறை, அப்படியல்ல, ஒருமுறை உருவானால் அவ்வளவுதான். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பிலிருந்து சுமார் மூன்று வயதுக்குள் உருவாகிறது. ஞானப்பல்லுடையது எட்டு வயது தொடங்கிப் பதின்பருவத்தில். ஆகவே ஒரே தாடையில் குழந்தைப் பருவ ஊரும் விடலைப் பருவ ஊரும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அந்த ஊரின் எண் எது என்று அறிய, ஆய்வாளர்கள் அங்கே வளரும் செடிகளையும் நத்தை, எலி போன்று அதிகம் நடமாடாத உயிர்களையும் அளந்து வைத்துக்கொள்கிறார்கள். கூடவே ஆக்சிஜன் ஐசோடோப்பையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்) பார்ப்பார்கள். மழைநீரில் உள்ள கனமான ஆக்சிஜனின் அளவு குளிர்ப் பகுதியிலும் மலையிலும் உள்நாட்டிலும் குறையும் என்பதால், அது இன்னொரு சாட்சி.

ஹிமெராவில் இந்த முறை என்ன செய்தது என்று பாருங்கள். ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றில் போர்வீரர்களை வரிசையாகக் கிடத்திய கூட்டுக் குழிகளும் இருந்தன: வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை வென்ற கி.மு. 480 போரில் இறந்தவர்கள், அதே கார்த்தேஜிடம் நகரம் அழிந்த 409இல் இறந்தவர்கள். 62 வீரர்களின் பற்களை ஆராய்ந்த முடிவு 2021இல் வெளியானது. 480இல் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெளியூரில் வளர்ந்தவர்கள். 409இல் அது நான்கில் ஒரு பங்கு மட்டுமே. முதல் போருக்கு சிரக்கூஸும் அக்ராகஸ் என்ற இன்னொரு சிசிலி நகரமும் துணைக்கு வந்தன, இரண்டாவதில் ஹிமெரா கிட்டத்தட்டத் தனித்து விடப்பட்டது என்ற ஏட்டுச் செய்தியோடு இது பொருந்துகிறது.

ஆனால் ஏடு சொல்லாததை மரபணு சொன்னது. உட்காதைச் சுற்றியிருக்கும் எலும்புத்துண்டு மிகக் கெட்டியானது, பழைய டி.என்.ஏ. அதிகம் தங்குவது அங்கேதான். 2022இல் வந்த ஆய்வில், 480இன் வீரர்களில் பலருடைய மூதாதையர் வடக்கு ஐரோப்பா, யுரேசியப் புல்வெளி, காக்கசஸ் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. பக்கத்து ஊர்க் கிரேக்கர் உதவிக்கு வந்தார்கள் என்று பெருமையாகச் சொன்ன வரலாற்றாசிரியர்கள், கூலிப்படையை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்கள்.

பல்லும் மரபணுவும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஸாங்க்லேயிலிருந்து வந்தவருக்கு ஹிமெராவில் பிறந்த மகனைப் பல் உள்ளூர்க்காரன் என்றே காட்டும். மரபணு அவன் பாட்டன் பூட்டனைக் காட்டும். மரபணுவிலும் தாய்வழி, தந்தைவழித் தடங்களைத் தனித்தனியே பார்க்கலாம் என்பதால், பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற பழைய கேள்விக்கு இதுதான் நல்ல வழி. ஸ்பெயினில் எம்போரியன் என்ற கிரேக்கக் குடியேற்றத்தை நடுவே சுவர் வைத்த இரட்டை ஊர் என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார், ஒரு பக்கம் கிரேக்கர், மறுபக்கம் உள்ளூர் மக்கள். 2019இல் அந்த இடத்து எலும்புகளை ஆராய்ந்தபோது மரபணுவும் இரண்டு கூட்டமாகத்தான் பிரிந்தது, ஒன்று ஏஜியன் (கிரேக்கக் கடற்பகுதி) சாயல், மற்றது ஐபீரிய (ஸ்பெயின் பகுதி) சாயல். ஆனால் ‘கால்கிஸ் வழியா, சிரக்கூஸ் வழியா’ என்ற நுணுக்கத்தை எதிர்பார்க்கக்கூடாது. கிரேக்க ஊர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்ட மரபணு கொண்டவை அல்ல. அதற்கு எழுத்து வடிவமும் வட்டார வழக்கும் நாணய எடையும்தான் இன்னும் கைகொடுக்கின்றன.

480இன் குழியில் கிடப்பவர்கள் எல்லாருமே நகரம் தோன்றி 168 ஆண்டுகள் கழித்து இறந்தவர்கள். தொடங்கியவர்களையே பார்க்க வேண்டுமென்றால் மிகப் பழைய கல்லறைகளில், கப்பலிலிருந்து இறங்கிய தலைமுறையின் பற்களைத் தேட வேண்டும். அதிலும் கிரேக்கர்கள் பலரைத் தகனம் செய்தார்கள். தீயில் மரபணு அழிந்துவிடும், எனாமல் நொறுங்கிவிடும். ஆனால் முழுக்க வெந்து வெளுத்த எலும்பு, புதைந்த மண்ணின் ஸ்ட்ரான்ஷியத்தைத் தனக்குள் எளிதில் விடுவதில்லை. ஆகவே தகனச் சாம்பலிலும் அந்த உட்காது எலும்பு கிடைத்தால் வேலை நடக்கும். அது குழந்தைப் பருவத்திலேயே உருவாகி, பிறகு அதிகம் மாறாத எலும்பு. பித்தெகூஸையில், ‘நெஸ்டரின் கோப்பை’ என்ற பெயர்பெற்ற எழுத்துப் பொறித்த கிண்ணம் கிடைத்த கல்லறையில் ஒரு சிறுவன் மட்டுமே தகனம் செய்யப்பட்டான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2021இல் அந்த எரிந்த துண்டுகளை மீண்டும் பரிசோதித்தபோது குறைந்தது மூன்று பேரின் எலும்புகளும், கூடவே விலங்கு எலும்புகளும் கலந்திருந்தன. பிறந்த ஊரைக் கேட்பதற்கு முன், எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.