‘ரெஃபரல்’: பரிந்துரையா, ஆள்சேர்ப்பா?

“அண்ணை, இந்த லிங்கால ஒருக்கா ரெஜிஸ்டர் பண்ணிவிடுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு ரெஃபரல்தான் வேணும், ஹெட்செட் வந்திடும்.” திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி வராத கிழமை குறைவு. அனுப்புகிறவன் நல்ல பெடியன்தான், ஆரையும் சுத்தும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் அவன் கேட்பது உதவியா, பரிந்துரையா, வியாபாரமா என்று அவனுக்கே தெளிவில்லை. ‘ரெஃபரல்’ என்ற சொல் அந்தத் தெளிவின்மைக்கு நல்ல மறைப்பு.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுசெல்லல். முன்னொட்டான ‘ரெ’ என்றால் திரும்ப. இரண்டும் சேர்ந்த ‘ரெஃபெர்ரே’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ரெஃபர்’ ஆனது. ‘ஃபெர்ரே’யும், வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘பாரம்’ என்ற சொல்லின் வேரும் ஒரே மூலத்தில் பிறந்தவை. அந்த வகையில் ரெஃபரல் நமக்கு ஒன்றும் முழு அந்நியமில்லை, பாரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

இந்தக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளுக்கு இலங்கைத் தமிழ் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. உதைபந்தாட்ட ரெஃபரி நமக்கு மத்தியஸ்தர். நூலகத்து ரெஃபரன்ஸ் பகுதி உசாத்துணைப் பகுதி. நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டவென்று 1982 டிசம்பரில் நடத்தினார்களே, அந்த ரெஃபரெண்டம் சர்வசன வாக்கெடுப்பு. கூட்டத்தில் இளையது ரெஃபரல்தான். 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பெயர்ச்சொல், நோயாளியை ஒரு மருத்துவர் துறைசார்ந்த இன்னொருவரிடம் அனுப்புவதைக் குறிக்கவே பெரிதும் வழங்கியது. சங்கானையில் பார்த்த டொக்டர் “பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தவர்” என்று நாம் சொல்கிறோமே, அந்தத் துண்டுதான் அசல் ரெஃபரல். எழுதுகிறவருக்கு அதில் சல்லிக்காசு இலாபமில்லை.

காசு சேர்ந்தது வியாபாரத்துக்குள் வந்தபிறகு. அதை இணையத்தில் பெரிதாகச் செய்துகாட்டிய ஒரு தளத்தைப் பார்த்தால் பொறிமுறை முழுக்க விளங்கும். 2004இல் அமெரிக்காவில் கிராடிஸ் இன்டர்நெட் என்ற நிறுவனம் ‘ஃப்ரீஐபொட்ஸ்’ என்ற தளத்தை நடத்தியது. ஐபொட் என்ற பாட்டுக் கேட்கும் கருவி இலவசம், ஆனால் இரண்டு நிபந்தனை. விளம்பரதாரர் ஒருவரின் சலுகையில் நீங்கள் சேரவேண்டும்: ஒரு கடனட்டைக்கு விண்ணப்பிக்கலாம், ஓர் இணையச் சேவையைப் பரீட்சார்த்தமாக எடுக்கலாம். பிறகு ஐந்து பேரைக் கூட்டிவரவேண்டும், அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு சலுகையில் சேரவேண்டும். இது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கனபேருக்கு ஐபொட் உண்மையாகவே வீட்டுக்கு வந்தது.

அப்படியென்றால் இலாபம் எங்கே? புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க நிறுவனங்கள் எப்படியும் செலவழிக்கின்றன. தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கொட்டுவதை விட, சேர்ந்த தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அவர்களுக்குக் கணக்குச் சுத்தம். பரீட்சார்த்தமாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இரத்துச் செய்ய மறந்து மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று விளம்பரதாரர் கொடுக்கும் அந்தக் காசுதான் பரிசுத் தளத்தின் வருமானம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தலைக்கு 50 டொலர், பரிசின் விலை 250 டொலர் என்று வையுங்கள். தளத்தில் 100 பேர் சலுகையை முடித்தால் வருமானம் 5,000 டொலர். எத்தனை பேருக்குப் பரிசு கொடுக்கவேண்டி வரும்? ஒருவரை ஒருவர்தான் சேர்த்ததாகப் பதியமுடியும். முதல் ஆளைச் சேர்த்தவர் யாருமில்லை. மிச்சம் 99 பேரை ஐந்தைந்தாகப் பிரித்தால் 19 பேருக்கு மேல் தேறாது. 19 பரிசின் செலவு 4,750 டொலர். எல்லாரும் கெட்டித்தனமாக ஆள் பிடித்து, ஒருவர்கூட இடையில் விடாத நிலையிலும் தளத்துக்கு நட்டமில்லை. ‘ஐந்து பேர்’ என்பது சும்மா வைத்த எண் இல்லை.

உண்மையில் எல்லாரும் ஐந்தை எட்டுவதில்லை. மூன்று பேரைச் சேர்த்துவிட்டு, நாலாவதாகச் சித்தப்பாவைக் கேட்க வெட்கப்பட்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த மூன்று பேருக்கும் தளம் முழுத்தொகை வாங்கிவிட்டது, கொடுக்கவேண்டியது எதுவுமில்லை. வியாபாரத்தின் கொழுத்த பகுதி இந்த அரைகுறை ஆட்களிடமிருந்தே வருகிறது. ஒரே வீட்டு முகவரி, ஒரே இணைய இணைப்பு என்று காரணம் காட்டிக் கழித்துவிடும் பதிவுகளும் உண்டு.

போதாக்குறைக்கு முகவரிப் பட்டியல். பெயர், மின்னஞ்சல், வீட்டு விலாசம், எதில் ஆசைப்படுகிறார் என்ற தகவல், எல்லாவற்றையும் நாமே தட்டெழுதிக் கொடுக்கிறோம். 2006இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபராக இருந்த எலியட் ஸ்பிட்சர் கிராடிஸ் மீது வழக்குத் தொடர்ந்தார். விவரங்களை எவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு, இலட்சக்கணக்கானோரின் விவரங்களை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. விவரங்களை வாங்கிய தரப்பில் நின்ற டேட்ரன் மீடியா என்ற நிறுவனம் அதே ஆண்டில் 11 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. 2008இல், ‘இலவசப் பரிசு’ என்று ஆசைகாட்டிப் பிறகு செலவழிக்க வைத்த விளம்பரங்கள் உள்ளிட்ட முறைகேடுகளுக்காக, வல்யூகிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் வழக்கில் 29 இலட்சம் டொலர் கட்டியது.

நம்மூர் குழுக்களில் சுற்றும் ‘ஆண்டு நிறைவுப் பரிசு, 20 பேருக்கு அனுப்புங்கோ’ இணைப்புகள் இந்த அளவுக்குக்கூட நேர்மையில்லாதவை. அங்கே பரிசே கிடையாது. நீங்கள் அனுப்புகிற ஒவ்வொருவரும் பக்கத்தைத் திறக்கும்போது விளம்பரம் ஓடுகிறது. கடைசியில் ‘சரிபார்க்க’ என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அதற்கும் தலைக்கு இவ்வளவு. சிலவற்றில் தொலைபேசி எண்ணைக் கொடுத்தபிறகு ரீலோட் காசு நாளாந்தம் கரையத் தொடங்கும்.

இன்னொரு உறவினரும் உண்டு: நாமே காசு போட்டுச் சேர்ந்து, பிறகு ஆள் சேர்த்து எடுக்கும் திட்டம். சேர்பவர் பணம் செலுத்தவேண்டும், கிடைக்கும் பயன் பெரும்பாலும் ஆட்கள் கூடுவதிலோ கட்டும் பணம் கூடுவதிலோ தங்கியிருக்கும் என்றால், இலங்கையின் 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் அதைப் பிரமிட் திட்டம் என்று தடைசெய்கிறது. நடத்துகிறவர் மட்டுமல்ல, ஊக்குவித்து விளம்பரம் செய்கிறவரும் குற்றவாளி. இலவசப் பரிசுத் தளத்தில் காசு விளம்பரதாரரிடமிருந்து வருவதால் அது வேறு சாதி. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிப்பதால், முன்னதில் பழகியவன் பின்னதில் இலகுவாக விழுகிறான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சிபாரிசு’ பாரசீகத்திலிருந்து வந்து நம்மிடம் உத்தியோகக் கதைகளில் தேய்ந்துபோனது. செயலிகளின் தமிழ்ப் பதிப்புகளில் காணப்படும் ‘பரிந்துரை’ எனக்கு உடன்பாடில்லை. பரிந்து உரைப்பது, அதாவது ஒருவர்பால் அன்புகொண்டு அவருக்காகப் பேசுவது. ஹெட்செட்டுக்காக லிங்க் அனுப்புகிறவன் பரிவது தன்மேல்தான்.

‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் ஒரு யோசனை வருவதுண்டு. கேட்க அழகு. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். வள்ளலிடம் பரிசில் பெற்று வரும் பாணன், வறியவனாக எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி சொல்லி அனுப்புவான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது தொல்காப்பியம். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்கிறான். சொல்வதால் அவனுக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. பரிசுத் தளத்தில் இது தலைகீழ்: இன்னும் பெறாதவன், தான் பெறுவதற்காக, பெறாத இன்னொருவனை அனுப்புகிறான். அனுப்பப்பட்டவனும் அதையே செய்யவேண்டும். மேலும், உளவளத்துணைப் பணியில் இருப்போர் ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லை இங்கே நல்ல வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அவர்களிடமே விடுவோம்.

என் தெரிவு ‘ஆள்சேர்ப்பு’. ‘ஆள் பிடிக்கிறான்’ என்று ஊரே சொல்லும்போது புதிதாக ஆக்கவும் தேவையில்லை. ரெஃபரல் லிங்க் ‘ஆள்சேர்ப்பு இணைப்பு’, ரெஃபரல் போனஸ் ‘ஆள்சேர்ப்புத் தரகு’. இணைப்பு இல்லாமல் ரெஃபரல் இலக்கம் மட்டும் இருந்தால் ‘ஆள்சேர்ப்பு எண்’. காசு கைமாறாத இடத்தில், ஒரு நல்ல பல் டொக்டரின் பெயரைச் சொல்லிவிடுவது போன்றவற்றுக்குப் ‘பரிந்துரை’ தாராளமாக நிற்கலாம். மருத்துவமனை ரெஃபரலுக்குத் ‘துண்டு’ இருக்கவே இருக்கிறது, எழுத்தில் வேண்டுமானால் ‘அனுப்புகைக் கடிதம்’ என்று போடலாம்.