மண்டபத்து மணலில் நெகிழித் துகள்: ராமன் நிறமாலையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பாம்பன், மண்டபம், கீழக்கரைக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுத்த நெகிழித் துகள்களை ராமன் முறையில், அதாவது லேசர் ஒளியைப் பாய்ச்சி அது சிதறும் விதத்தைக் கொண்டு பொருளை அடையாளம் காணும் முறையில், ஆராய்ந்து மாணவர்கள் தரும் ஆய்வறிக்கைகள் பலவற்றில், பொருளின் பெயரும் அதனருகே மென்பொருள் கொடுத்த பொருத்த சதவீதமும் (தெரிந்த பொருளின் நிறமாலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது) மட்டுமே இருக்கின்றன. அந்தச் சதவீதம், ஒளிர்வும் இரைச்சலும் நீக்கிச் செப்பனிடப்பட்ட நிறமாலை வரைகோட்டுக்குக் கிடைத்த மதிப்பெண். செப்பனிடும் முறையை மாற்றினால் அதுவும் மாறிவிடும். ஆகவே மூல நிறமாலையைக் காட்டாத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

கடலில் நெடுநாள் கிடந்த துகளில் பாசியும் உயிர்ப்படலமும் ஒட்டியிருப்பதால், 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டதும் அவை ஒளிர்ந்து, பொருளை அடையாளம் காட்டும் ராமன் முகடுகளை ஒரு பெரிய மேட்டுக்குள் புதைத்துவிடுகின்றன. 785 நானோமீட்டருக்கு மாறினால் ஒளிர்வு பெரும்பாலும் தணியும் என்றாலும், சிதறலின் வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால் கூடுதல் நேரம் அளக்க வேண்டும். அதைத் தவிர்க்க நினைத்து, உயர்படிப் பல்லுறுப்புக்கோவையால் அடிக்கோட்டை (முகடுகளுக்குக் கீழே உள்ள ஒளிர்வு மேட்டை) வளைத்து வளைத்துக் கழித்தால், இல்லாத முகடுகள் முளைக்கும். இருக்கும் அகன்ற முகடுகள் தேய்ந்துபோகும்.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய மணலில் பவளத் துணுக்குகள் கலந்திருப்பதால், பாலிஎத்திலீனுக்குரிய 1062, 1129, 1295 செ.மீ.⁻¹ (நிறமாலையில் முகட்டின் இடத்தைக் குறிக்கும் அலகு; கீழே வரும் முகட்டு எண்களும் இதிலேயே) முகடுகளோடு 1085-இல் கார்பனேட்டின் கூர்மையான முகடும் சேர்ந்து வருவதுண்டு. அது நெகிழிக்குள் நிரப்பியாகச் சேர்க்கப்பட்ட சுண்ணமா, மேலே ஒட்டிய மணலா? பவளம் அரகோனைட்டால் ஆனது; நிரப்பியாகப் பயன்படுவது பெரும்பாலும் கால்சைட். இவை கால்சியம் கார்பனேட்டின் இரு படிக வடிவங்கள். இரண்டுக்கும் 1085 பொதுவானது என்பதால் அது எதையும் முடிவு செய்யாது. அரகோனைட்டுக்கு 705, 206; கால்சைட்டுக்கு 712, 281 என்ற இடங்களைத்தான் பார்க்க வேண்டும். 705-க்கும் 712-க்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. அளவிடும் முன் சிலிக்கானின் 520.7 முகட்டைக் கொண்டு கருவியைச் சரிபார்க்காதவர்களுக்கும், இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பக்கத்துப் புள்ளிகள் பலவற்றைச் சராசரியாக்கும் அகன்ற சாளரத்தில் வரைகோட்டை மழுங்கடிப்பவர்களுக்கும் அது கண்ணில் படவே படாது. லேசர் ஒளியைத் தடுக்கக் கருவியில் உள்ள வடிகட்டி 206-ஐ மறைத்துவிடுவதும் உண்டு. எனவே அந்த முகடு இல்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. சிப்பி ஓட்டிலும் கால்சைட் உண்டு என்பதால், ஐயம் நீடித்தால் துகளை நீர்த்த அமிலத்தில் சற்று நனைத்துக் கழுவி, மீண்டும் அளப்பதே நல்லது. மேலே ஒட்டிய கார்பனேட் கரைந்துவிடும். நெகிழிக்குள் பொதிந்திருப்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

நீல இழைகளிலும் இதே கவனம் வேண்டும். தாலோசயனின் சாயத்தின் 1528, 747 முகடுகள் மிக வலியவை என்பதால் மென்பொருள் சாயத்தின் பெயரையே சொல்லும். அது தவறன்று, ஆனால் இழை எதனாலானது என்பதற்கு அது விடையாகாது. 809, 841 முகடுகள் தெரிந்தால் பாலிப்ரோப்பிலீன். 1640-ஐ ஒட்டி அமைடு முகடு தெரிந்தால் நைலானாக இருக்கக்கூடும். 2800 முதல் 3000 வரையுள்ள பகுதியையும் சேர்த்து அளந்தால், சாயத்தின் முகடுகள் குறுக்கிடாமல் நெகிழியின் அடையாளம் தெளிவாகக் கிடைக்கும். இழை எந்த நெகிழி என்று உறுதியான பிறகுதான், அது மீன்பிடி வலையிலிருந்து வந்ததா, படகுக் கயிற்றிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கே போக முடியும்.