சர்வவல்லவர்: எல்லாம் வல்லவரும் எல்லாவற்றையும் ஆள்பவரும்

காற்றும் கடலும் மழையும் கடவுளின் சொல்லுக்கு அடங்கியவை என்னும் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் பெயர் 'சர்வவல்லவர்' என்பதாகும். இதில் 'சர்வ' என்பது 'எல்லா' எனப் பொருள்படும் வடசொல். 'வல்லவர்' என்பது வன்மை, வலிமை ஆகியவற்றைப் போல 'வல்' என்னும் வேரிலிருந்து கிளைத்த தமிழ்ச்சொல். ஆபிரகாமுக்குக் கடவுள் தம்மை வெளிப்படுத்தும் தொடக்கநூல் 17:1இல், விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'சர்வவல்லமையுள்ள தேவன்' என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'எல்லாம் வல்ல இறைவன்' என்கிறது.

அவ்விடத்து எபிரேயச் சொல் 'ஏல் ஷத்தாய்'. ஷத்தாய் என்பதன் வேரைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை; பண்டைய மெசொப்பொத்தேமியாவின் மொழியான அக்காதியத்தில் மலையைக் குறிக்கும் சொல்லோடு அதனை இணைப்பவர் பலர். யோபு நூலில் மட்டும் இப்பெயர் 31 முறை வருகிறது. கடலைக் கதவுகளால் அடைத்து 'இம்மட்டும் வா' என எல்லை வகுத்தவர் யார், மழைக்குத் தகப்பன் உண்டோ என்று பெருங்காற்றிலிருந்து கடவுள் வினவுவதும் அந்நூலின் 38ஆம் அதிகாரத்திலேதான்.

எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் யோபு நூலின் பல இடங்களில் ஷத்தாய்க்கு 'பாந்தோக்ராத்தோர்' என்னும் சொல்லை அமைத்தார்கள். மலைகளை உருவாக்கிக் காற்றைப் படைத்தவர் என்று கடவுளைப் புகழும் ஆமோஸ் 4:13இல், 'சேனைகளின் தேவன்' என்னும் தொடரிலுள்ள 'சேனைகளின்' என்பதற்கும் அச்சொல்லே நிற்கிறது. 'பான்' என்றால் எல்லாம். பின்பகுதியின் வினை பற்றிப் பிடித்தலையும் ஆளுதலையும் குறிக்கும். ஆகவே, எல்லாவற்றையும் தம் ஆளுகையில் வைத்திருப்பவர் என்பதே அதன் பொருள். இலத்தீன் மொழியினர் இதனை 'ஒம்னிபோத்தென்ஸ்', அதாவது எதையும் செய்ய வல்லவர், என்று பெயர்த்தபோது அழுத்தம் ஆளுகையிலிருந்து ஆற்றலுக்கு நகர்ந்தது. இந்த வேறுபாடு சிறிதன்று. நினைத்தால் புயலை எழுப்பக்கூடியவர் என்பது ஆற்றலைச் சொல்கிறது. புயல் வீசாத நாளிலும் விதைப்பும் அறுப்பும், குளிரும் வெப்பமும் முறை தவறாமல் வரச் செய்பவர் என்பது ஆளுகையைச் சொல்கிறது. தொடக்கநூல் 8:22இல் நோவாவின் காலத்து வெள்ளம் வடிந்தபின் கடவுள் அளிக்கும் வாக்குறுதி இந்த இரண்டாவதைப் பற்றியதே.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு கலிலேயக் கடலின் புயலை அடக்குவதும் ஆளுகையின் மொழியிலேயே சொல்லப்படுகிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே, குன்றுகள் சூழ்ந்து கிடக்கும் அந்த ஏரியில் காற்று திடீரெனச் சீறுவது இயல்பு. 'அமைதலாயிரு' என்று நாம் வாசிக்கும் கட்டளையின் கிரேக்க வினைக்கு வாய்ப்பூட்டு இடுதல் என்று பொருள். மாற்கு 1:25இல் தீய ஆவியை அவர் அடக்கும்போதும் அதே வினை வருகிறது.

தமிழில் 'எல்லாம் வல்ல' என்பதே பொருத்தமான இணை; சைவ மரபிலும் 'எல்லாம் வல்ல சித்தர்' என வழங்கிவரும் இயல்பான தொடர் அது. எனினும் இயற்கையைப் பற்றிய பகுதிகளை விளக்குமிடத்து, 'எல்லாவற்றையும் ஆள்பவர்' என்பதையும் சேர்த்துச் சொல்வதே மூலத்துக்கு நேர்மை செய்யும். அவ்வாறு சொல்லும்போது, ஒவ்வொரு புயலையும் வறட்சியையும் அங்கு வாழ்வோரின் பாவத்துக்குத் தண்டனை என்று தீர்ப்பிட இச்சொல் இடம் தருவதாகக் கொள்ளலாகாது. நீதியுள்ளோர்மேலும் நீதியற்றோர்மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்று மத்தேயு 5:45 கூறுவதும் இந்த ஆளுகையைப் பற்றியே.